பார்பெதியேன் முத்திரை போட்ட டயானா: ஒரிஜினலா, காப்பியா?

கேள்வி இது: பாரீஸுக்குப் பக்கத்தில் ஒரு பழம்பொருள் கடையில் வெண்கலச் சிலை ஒன்றைப் பார்த்திருக்கிறார் ஒருவர். முழங்காலுக்கு மேல் நிற்கும் அங்கி உடுத்திய இளம்பெண், வலது தோளில் மேலாடையைக் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறாள். உயரம் ஏறக்குறைய இரண்டடி. பீடத்தின் விளிம்பில் ‘எஃப். பார்பெதியேன், ஃபோந்தர்’ (வார்ப்பவர்) என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறது. பின்பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்ட முத்திரை, நடுவில் ஓர் ஆளின் தலை. கடைக்காரர் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒரிஜினல்’ என்கிறார். கூடப் போன மச்சான் ‘லூவர் அருங்காட்சியகத்தில் இருப்பதன் காப்பி, ஏமாறாதே’ என்கிறார். யார் சொல்வது சரி, எதைப் பார்த்து வாங்குவது, வாங்கினால் எப்படிச் சுத்தம் செய்வது?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அது லூவரில் இருக்கும் சிலையின் காப்பி; அதே சமயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அசல் சரக்காகவும் இருக்கலாம். அந்தக் காலத்துப் பிரெஞ்சு வெண்கலத் தொழிலில் இந்த இரண்டுக்கும் முரண்பாடே கிடையாது. பணம் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இது அந்தப் பட்டறையிலிருந்தே வந்ததா, வந்ததென்றால் இந்த உருப்படியில் எவ்வளவு கைவேலை இருக்கிறது? பெயரை எவன் வேண்டுமானாலும் பொறிக்கலாம், கைவேலையைப் பொய்யாகச் செய்ய முடியாது.

முதலில் சிலையில் இருப்பவள் யார் என்று பார்த்துவிடலாம். நீங்கள் சொல்லும் தோரணை ‘காபீ டயானா’ என்று அழைக்கப்படும் பளிங்குச் சிலையுடையது. குடிக்கிற காபி இல்லை. ரோமுக்குக் கிழக்கே, கிட்டத்தட்ட 18 கிலோமீட்டரில் இருந்த பழைய ஊரின் பெயர் காபீ. அந்த நிலம் ரோமின் போர்கேசே பிரபுக் குடும்பத்துக்குச் சொந்தம். 1792-இல் காவின் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் அங்கே தோண்டியபோது இது கிடைத்தது. ஓவியர் என்றாலும் தோண்டி எடுத்து விற்பதிலும் அவர் கெட்டிக்காரர். 1807-இல் நெப்போலியன் போர்கேசே குடும்பத்தின் சிலைகளை மொத்தமாக வாங்கியபோது இதுவும் பாரீஸுக்கு வந்து சேர்ந்தது. உயரம் 1.65 மீட்டர், ஒரு சாதாரணப் பெண்ணின் உயரம்தான்.

ரோமர்களின் டயானா, கிரேக்கர்களின் ஆர்ட்டெமிஸ்: வேட்டைக்கும் காட்டுக்கும் உரிய கன்னித் தெய்வம். வழக்கமாக வில், அம்பறாத்தூணி, பக்கத்தில் மான் என்று அடையாளத்தோடு வருவாள். லூவரிலேயே இன்னொரு டயானா இருக்கிறாள், மானோடு வேகமாக நடக்கிறவள். 1556-இல் போப் நான்காம் பவுல் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றிக்கு அனுப்பிய பரிசு அது. காபீ டயானாவிடம் அந்த வேகம் எதுவும் இல்லை. வெளியே கிளம்புகிற ஒரு பெண் கடைசியாகத் துணியைச் சரி பார்ப்பது மாதிரி நிற்கிறாள். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் இருந்த ஆர்ட்டெமிஸ் கோயிலுக்குப் பெண்கள் தங்கள் ஆடைகளையே காணிக்கையாகக் கொடுப்பது வழக்கம். அங்கே பிராக்சிட்டிலீஸ் என்ற கிரேக்கச் சிற்பி செய்துவைத்த சிலையின் ரோமானியப் பிரதிதான் இது, அதனால்தான் கையில் ஆடை என்று சில ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆக, மச்சான் ‘ஒரிஜினல்’ என்று கைகாட்டும் லூவர் சிலையே ஒரு பிரதியாக இருக்கலாம்.

இந்தச் சாந்தமான டயானாதான் அந்தக் காலத்துப் பாரீஸ் வீடுகளுக்கு ஏற்றவள். உயரமான அடுக்குமாடிகளில் வரவேற்பறைக்குக் கணப்பு மேடை உண்டு, அதன்மேல் பெரிய கண்ணாடி. மேடை நடுவில் ஒரு கடிகாரம் அல்லது சிலை, இரண்டு பக்கமும் மெழுகுவத்திக் கிளைகள், இதுதான் மத்தியதரக் குடும்பத்தின் கௌரவம். இடுப்புக்கு மேல் ஆடையில்லாத மைலோ வீனஸ் வைத்தால் மாமியார் முகம் சுளிக்கலாம். ஆடை உடுத்திய டயானாவில் அந்தத் தொல்லை இல்லை. பின்னால் கண்ணாடி இருப்பதால் சிலையின் முதுகும் தெரியும் என்பதை மனதில் வையுங்கள். நல்ல பட்டறைகள் முதுகுப் பக்கத்தையும் ஒழுங்காக முடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி பீடத்தில் இருக்கும் பெயருக்கு வருவோம். ஃபெர்தினான் பார்பெதியேன் 1810-இல் நார்மண்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிற்பி இல்லை, வார்ப்புத் தொழிலாளியும் இல்லை. பாரீஸில் சுவர் ஒட்டுக் காகிதம் விற்றுச் சம்பாதித்த வியாபாரி. 1838-இல் அஷீல் கோலாஸ் என்ற பொறியாளரோடு கூட்டு சேர்ந்தார். கோலாஸிடம் ஒரு இயந்திரம் இருந்தது. அந்த வட்ட முத்திரையில் இருக்கும் தலை கோலாஸுடையதுதான். சுற்றிலும் ‘இயந்திரக் குறைப்பு, அ. கோலாஸ், காப்புரிமை’ என்று பிரெஞ்சில் இருக்கும்.

இயந்திரத்தின் தத்துவம் எளிது. படத்தைச் சிறிதாக்கி வரையும் பாண்டோகிராஃப் கருவியை முப்பரிமாணத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் சிலையின் சுண்ணச் சாந்துப் பிரதி, இன்னொரு பக்கம் செதுக்க வேண்டிய சாந்துக் கட்டி. இரண்டும் ஒரே மாதிரித் திரும்பும். நீண்ட கம்பியின் ஒரு முனையில் மொட்டை ஊசி பெரிய சிலையின் மேடு பள்ளத்தைத் தடவிக்கொண்டே போகும். அதே கம்பியில் வேறிடத்தில் இருக்கும் வெட்டும் ஊசி அந்த அசைவையே சின்ன அளவில் கட்டியில் செதுக்கும். விகிதத்தை மாற்றினால் உயரம் மாறும். முழு உருவத்தை ஒரே மூச்சில் செய்ய முடியாது. துணி மடிப்புக்கு உள்ளே ஊசி எட்டாது. அதனால் தலை, கை, உடல் என்று பிரித்துச் செதுக்கி, பிறகு ஒட்டினார்கள். லூவர் பளிங்கை யாரும் பட்டறைக்குத் தூக்கிவரவில்லை. எல்லாம் சாந்து அச்சிலிருந்து எடுத்ததுதான்.

இதற்கு முன்னால் சிறிய பிரதி என்றால் ஒரு சிற்பி கண்ணால் பார்த்துக் களிமண்ணில் பிடிப்பார். அவர் கை எங்கே போகிறதோ அங்கே முகம் போகும். கோலாஸ் வந்த பிறகு அளவு தப்பவில்லை. மைலோ வீனஸின் குறுக்கப் பிரதி நன்றாக விற்றது. 1843-இல் ஃபிரான்சுவா ரூத் என்ற சிற்பியோடு ஒப்பந்தம் போட்டு, உயிரோடிருந்த கலைஞர்களின் வேலைகளையும் பார்பெதியேன் எடுத்துக்கொண்டார். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் இவர்கள் பதக்கம் வாங்கினார்கள். அங்கே வைத்ததில் ஃபுளோரன்ஸில் கிபெர்த்தி என்ற சிற்பி செய்த வெண்கலக் கதவுகளின் குறுக்கப் பிரதியும் ஒன்று. லான்க்ரி தெருப் பட்டறையில் சுமார் 300 பேர் வேலை பார்த்தார்கள். 1870 போரில் பிரஷ்யப் படை பாரீஸை வளைத்தபோது அதே பட்டறை அரசுக்காகப் பீரங்கி வார்த்ததும் உண்டு.

இயந்திரம் கொடுப்பது சாந்து உருவம் மட்டும். வெண்கலம் அதற்குப் பிறகுதான் வருகிறது, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

மெழுகு உருக்கி வார்க்கும் முறை நமக்குத் தெரியும்: மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு ஓடிய இடத்தில் உலோகம் ஊற்றி, அச்சை உடைத்து எடுப்பது. ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். பார்பெதியேன் பட்டறையின் வழக்கமான முறை மணல் வார்ப்பு. சாந்து உருவத்திலிருந்து முதலில் ஒரு வெண்கலத் தலைமை மாதிரி செய்வார்கள். அதைத் தலை வேறு கை வேறாகக் கழற்றலாம். மடிப்புகளை உளியால் கூர்மையாக்கி, விற்பனைப் பிரதியைவிடத் துல்லியமாக முடித்து வைப்பார்கள். விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் இந்த மாதிரியை இரும்புச் சட்டத்துக்குள் நுண்ணிய மணலில் அழுத்தி அச்சு எடுப்பார்கள். பாரீஸுக்குத் தெற்கே ஃபோந்தனே-ஓ-ரோஸ் என்ற ஊரின் மணல் இதற்குப் பேர் போனது. களிமண் கலந்த மாவு போன்ற மணல், கைரேகையைக்கூடப் பிடிக்கும். குடைவான இடங்களுக்குத் தனித்தனி மணல் துண்டுகள் செய்து செருக வேண்டும். உள்ளே மணல் கரு வைத்தால்தான் சிலை கூடாக வரும், உலோகமும் மிச்சமாகும்.

வார்த்து எடுத்ததும் சிலை பார்க்கச் சகிக்காது. துண்டுகள் சேர்ந்த இடமெல்லாம் வரப்பு, உலோகம் ஊற்றிய குழாய்களின் தண்டுகள், அங்கங்கே துளை. கைகளைத் தனியாக வார்த்து, தோளில் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் குறுக்கே ஊசி அடிப்பார்கள். பிறகு சிற்றுளிக்காரர் வருகிறார். அரம், உளி, சின்னச் சுத்தி கொண்டு வரப்பை நீக்கி, மூட்டை மறைத்து, தலைமுடி இழையைத் திரும்பப் பிரித்து, செருப்பு வாரை விளிம்பு கட்டுவது அவர் வேலை. கடைசியில் நிறமேற்றுபவர் சிலையைச் சூடாக்கி அமிலமும் உப்பும் தடவிப் பழுப்பு நிறம் ஏற்றி மெழுகு பூசுவார். இந்தக் கடைசி இரண்டு பேர் எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் என்பதில்தான் விலை கிடக்கிறது. இயந்திரமும் அச்சும் எல்லாப் பிரதிக்கும் பொதுவானவை.

கடையில் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். முதலில் கொக்கி போடும் வலது கை. விரல்கள் தனித்தனியா, இல்லை துணியோடு குழைந்து கிடக்கின்றனவா? நகம் தெரிகிறதா? அப்புறம் தோளில் விழும் மேலாடையின் மடிப்பு: நல்ல பிரதியில் மடிப்பின் அடிப்பள்ளம் வரை உளி போயிருக்கும், மட்டமானதில் பள்ளம் உருண்டு, சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். கால்விரல், செருப்பு வார், காதுக்குப் பின்னால் முடி, முதுகு. இந்த இடங்கள் ஒழுங்காக இருந்தால் முத்திரை இல்லாவிட்டால்கூட நான் அந்தச் சிலையை மதிப்பேன். முகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், எந்தப் பட்டறையும் முகத்தில் கை வைக்காமல் விடாது.

அடுத்தது உலோகம் வெண்கலம்தானா என்பது. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே வெண்கல நிறம் ஏற்றிய சிலைகள் ஏராளமாக வந்தன. பிரெஞ்சு வியாபாரிகள் இதை ‘ரெகுல்’ என்பார்கள். துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும், வெண்கலத்துக்கு ஆயிரம் டிகிரியை ஒட்டிப் போக வேண்டும்; அதனால் திரும்பத் திரும்பப் பயன்படும் உலோக அச்சிலேயே துத்தநாகத்தை வார்க்கலாம், செலவு குறைவு. கண்டுபிடிக்க, சிலையைப் படுக்கவைத்து அடிப்பக்கம் பாருங்கள். ஏற்கெனவே கீறல் பட்ட இடம் எங்காவது இருக்கும். மஞ்சளாகப் பொன்போல மின்னினால் வெண்கலம், வெள்ளிச் சாம்பல் நிறமென்றால் ரெகுல். விரல் மடக்கித் தட்டினால் வெண்கலம் மணி மாதிரி ஒலிக்கும், ரெகுல் ‘டொக்’ என்று நின்றுவிடும். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும், துத்தநாகமும் காந்தத்தில் ஒட்டாது.

வெண்கலம்தான் என்று ஆனாலும் இன்னொரு வில்லங்கம் பாக்கி. பார்பெதியேன் விற்ற சிலை ஒன்றை வாங்கி, அதன்மேலேயே அச்சு எடுத்து, வேறு யாரோ வார்த்திருக்கலாம். பெயரும் முத்திரையும் அச்சோடு சேர்ந்தே வந்துவிடும். ஆனால் உருகிய வெண்கலம் ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். 60 செ.மீ. சிலையிலிருந்து எடுத்த பிரதி சுமார் ஒரு செ.மீ. குறைந்துபோகும். ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இதே உருவம் எந்தெந்த உயரங்களில் வந்திருக்கிறது என்று பார்த்து, உங்கள் சிலையை நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். பீடத்தைச் சேர்த்து அளந்தார்களா, சேர்க்காமலா என்பதையும் கவனியுங்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான். எழுத்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பட்டறையில் முடித்த எழுத்துக்கு விளிம்பு கூராக இருக்கும். அச்சுக்கு அச்சு எடுத்ததில் எழுத்து வீங்கி, கோலாஸின் முகம் வெறும் மேடாகத் தெரியும்.

காலத்தை எப்படிக் கணிப்பது? கோலாஸ் 1859-இல் இறந்துவிட்டார், ஆனால் அவர் முத்திரை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சிலைகளில் ஏறிக்கொண்டிருந்தது. எனவே ‘கோலாஸ் முத்திரை இருக்கிறது, ஆகவே 1859-க்கு முந்தியது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பார்பெதியேன் 1892-இல் இறந்தார். அவர் உறவினர் குஸ்தாவ் லெப்லான் தன் பெயரையும் சேர்த்து ‘லெப்லான்-பார்பெதியேன்’ என்று தொடர்ந்து நடத்தினார்; நிறுவனம் 1950-கள் வரை நடந்தது. அந்த இரட்டைப் பெயர் இருந்தால் சிலை பின்னாளையது என்று தைரியமாகச் சொல்லலாம். அதில் குறை ஒன்றும் இல்லை, விலை பேசும்போது கையில் இருக்க வேண்டிய தகவல், அவ்வளவுதான்.

அடிப்பக்க உட்புறத்தில் மையால் எழுதியோ குத்தியோ ஏதாவது எண் தென்பட்டால், ‘இத்தனையில் இத்தனையாவது பிரதி’ என்று கடைக்காரர் கதை விட வாய்ப்புண்டு. அது பட்டறைக் கணக்கு எண். எண்ணிக்கையை வரையறுத்து வார்க்கும் வழக்கமெல்லாம் பின்னால் வந்தது. இன்று பிரெஞ்சு வரிச் சட்டப்படி எண்ணிட்ட 8 பிரதி, கலைஞருக்கென்று 4, அதற்கு மேல் போனால் அசல் சிற்பமாகக் கொள்வதில்லை. பார்பெதியேன் காலத்தில் வாங்க ஆள் இருக்கும்வரை வார்த்தார்கள். புகழ்பெற்ற சிற்பி ரோதான் 1898-இல் இதே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். அவருடைய ‘முத்தம்’ நான்கு அளவுகளில், இருபது ஆண்டுகளில் 319 பிரதிகள் விற்றது. ரோதானுக்கே இந்தக் கணக்கு என்றால், யாருக்கும் உரிமைத்தொகை தர வேண்டியில்லாத ஒரு பழைய தெய்வத்தை எண்ணி எண்ணியா வார்த்திருப்பார்கள்? அபூர்வம் என்று சொல்லி விலையை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மச்சான் பக்கம் சாய்கிறேன். பழைய சிலையின் பிரதி வேறு, அந்தக் காலத்துச் சிற்பி தானே யோசித்த டயானா வேறு. சேகரிப்பவர்கள் இரண்டாவதற்குத்தான் அதிகம் கொடுப்பார்கள். அலெக்சாந்தர் ஃபால்கியேர் 1882 சலோன் கண்காட்சியில் வைத்த டயானா நல்ல உதாரணம். அம்பை விட்ட கையோடு, ஆடையில்லாமல், தலை நிமிர்த்தி நிற்கிறாள். இது தெய்வமில்லை, துணி அவிழ்த்த பாரீஸ் பெண் என்று விமர்சகர்கள் திட்டினார்கள். திட்டியதற்குக் காரணம் உண்டு: உடம்பு பழைய கிரேக்க அளவுகளில் இல்லை, குறிப்பிட்ட ஒரு பெண்ணின் உடம்பாகவே இருக்கிறது. அதனாலேயே வாங்கவும் போட்டி போட்டார்கள். தியேபோ சகோதரர்கள் வார்ப்பகம் அதைச் சிறிய வெண்கலங்களாக விற்றது. காபீ டயானாவை ஒரு தலைமுறை மரியாதைக்காக வாங்கியது என்றால், அடுத்த தலைமுறை ஃபால்கியேரின் டயானாவை ஆசைக்காக வாங்கியது. என்னைக் கேட்டால், தினமும் பார்த்துக்கொண்டிருக்க முதலாமவள்தான் தேவலை. பழைய சிற்பத்தின் அமைதியை வீட்டு அளவில் கொண்டுவந்ததுதான் அந்த இயந்திரத்தின் சாதனை, அது இந்த உருவத்தில் நன்றாகவே கைகூடியிருக்கிறது.

சுத்தம் செய்வது பற்றிக் கேட்டீர்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, வினிகர், பித்தளைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். வீட்டுக் குத்துவிளக்குக்கு அது சரி; இங்கே நிறமேற்றுபவர் நெருப்பில் வைத்து ஏற்றிய பழுப்பு ஒரு மணி நேரத்தில் போய், மொட்டை மஞ்சளாக ஒரு பொம்மை மிஞ்சும், விலையும் விழுந்துவிடும். மென்மையான வண்ணத் தூரிகையால் மடிப்புகளில் தூசியைத் தட்டுங்கள். பிசுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பருத்தித் துணி, உடனே காய்ந்த துணி. வருடத்துக்கு ஒருமுறை நிறமற்ற நுண்படிக மெழுகை மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் துடைத்தால் போதும். மூக்கு நுனி, முழங்கால், தோள் ஆகிய இடங்களில் பழுப்பு தேய்ந்து பொன்னிறம் எட்டிப்பார்ப்பது நூறு வருடத் தொடுகையின் அடையாளம். அதை மறைக்கச் சாயம் பூசியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வெளிர்பச்சையாக மாவு போல உதிரும் புள்ளிகள் இருந்தால் அது குளோரைடு அரிப்பு, நீங்களே சுரண்டாமல் வெண்கலம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

ஒன்று மறந்துவிடப் போகிறேன். சிலையைக் கடையிலிருந்து தூக்கும்போது அந்த மடங்கிய வலது கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். பிடிக்க வசதியாக இருக்கும் என்பதால் எல்லோரும் அங்கேதான் பிடிப்பார்கள். அந்தத் தோளுக்குள் இருப்பது ஒரு செருகலும் ஓர் ஊசியும்தான், ஆடிப்போன மூட்டு அங்கே மயிரிழைக் கோடாகத் தெரியும். வாங்குவதற்கு முன்னால் அந்தக் கோட்டையும் தேடிப் பாருங்கள், இருந்தால் அதைக் காட்டியே விலை பேசலாம். தூக்குவதென்றால் ஒரு கை பீடத்துக்கு அடியில், ஒரு கை இடுப்பில்.